உடைத்துப் பார்த்து வாங்குவோம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களுக்கு ஊக்கம் தரும்படி நாலு வார்த்தை பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் என் அக்கா பேரன்.

நல்லாப் படிக்கிற பையன். இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டு நின்றுவிட்டான். ஒரு பேச்சாளர் நடத்திய முகாமுக்குப் போய்வந்த பிறகு வந்த வினை இது. "பட்டம் வெறும் காகிதம், தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வா" என்று அவர் முழங்கினாராம். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியதாம்.

"தாத்தா, அவர் பேசும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றான்.

"அது சரிப்பா, அவர் புள்ளை என்ன படிக்கிறான்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பிறகு விசாரித்தால், அவர் மகன் லட்சக்கணக்கில் பணம் கட்டி மருத்துவம் படிக்கிறான்!

பையனுக்கு வந்த கண்ணீர் உண்மைதான். ஆனால் நம் கண்ணில் நீர் வந்ததே, அதனால் அவர் சொன்னது உண்மையாகிவிடுமா?

நான் மேல்சித்தாமூர்க்காரன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் உள்ள ஊர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சமண மரபில் சமந்தபத்திரர் என்று ஓர் ஆசாரியர். காஞ்சியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுபவர். 'ஆப்த மீமாம்சை' என்று ஒரு நூல் செய்தார். ஆப்தன் என்றால் நம்பத் தகுந்தவன். நம்பத் தகுந்தவன் யார் என்று விசாரிப்பதுதான் அந்த நூலின் வேலை.

எடுத்த எடுப்பிலேயே தம் சொந்தத் தெய்வத்தையே கேள்விக்கு உட்படுத்துகிறார். தேவர்கள் வந்து வணங்குவதும், ஆகாயத்தில் நடப்பதும், சாமரம் வீசுவதும் மாயவித்தைக்காரனிடமும் உண்டே, அதற்காக உம்மைப் பெரியவர் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்கிறார். பின்னே எதற்காக ஒப்புக்கொள்வது? சொல்லும் சொல் அறிவுக்கு முரண்படாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான். தெய்வத்தையே இப்படிப் பரீட்சித்த நாட்டில், மேடையில் மைக் பிடித்தவரைப் பரீட்சிக்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

பரீட்சிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, விராலிமலைப் பக்கம் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா ஒரு சாட்சி. வெறுங்கையில் விபூதி வரவழைத்தார், வாயிலிருந்து லிங்கம் எடுத்தார். படித்தவர்களும் வெளிநாட்டவர்களும் அவர் முன் கைகட்டி நின்றார்கள். 1994-இல் கைதானார். ஆசிரமத்துச் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காகவும், ஒரு கொலைக்காகவும் 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபூதியைப் பார்த்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லையே!

இப்போது எதிர்ப்பக்கம் ஒருவரைச் சொல்கிறேன். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சுமார் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்கள் கருதும் சின்னக் கல்வெட்டு ஒன்று உண்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த இடம் என்பதே செய்தி. வானத்தில் பறந்தார் என்றோ, இத்தனை ஆயிரம் சீடர்கள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. பேர், தொழில், நாள் கணக்கு, அவ்வளவுதான்.

அந்த நோன்பை யாரும் பின்பற்றச் சொல்ல நான் வரவில்லை. துறவே வாழ்வு என்று போதித்தவர், அதற்கான விலையைத் தாமே கொடுத்தார். மாணவன் தலையில் கட்டவில்லை. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஆனால் இது மட்டும் போதாது. நேர்மையான மனிதரும் தப்பாகச் சொல்லலாம். ஆகவே சமந்தபத்திரர் கேட்டதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம்ம பக்கத்து விவசாயிக்கு இது புதுசு இல்லை. செஞ்சி விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை மூட்டைக்கு விலை எப்படிப் போடுகிறார்கள்? சாக்கின் அழகைப் பார்த்தா? கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து, உடைத்து, பருப்பு திரண்டிருக்கிறதா, சொத்தையா என்று பார்க்கிறார்கள். மல்லாட்டைக்குக் காட்டுகிற ஜாக்கிரதையை நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குக் காட்ட வேண்டாமா?

மாணவச் செல்வங்களே, யாராவது உங்களுக்கு ஞானம் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கைதட்டலையும் கண்ணீரையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன சொன்னார்? எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாரா, கோபப்படுகிறாரா? அவர் பேச்சு பொய்த்துப்போனால் நஷ்டம் அவருக்கா, உங்களுக்கா?

இந்தக் கேள்விகளை முதலில் என்னிடமே கேளுங்கள். நானும் இப்போது மேடையில்தானே நிற்கிறேன்! கூட்டம் முடிந்ததும் சாப்பாட்டுப் பந்தியில் உங்களோடுதான் உட்காரப் போகிறேன்.

அக்கா பேரன் இந்த வருஷம் மறுபடி சேர்ந்திருக்கிறான். போன வருஷம் போனது போனதுதான். அவனோடு படித்தவர்கள் இப்போது அவனுக்கு மேல் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தப் பேச்சாளருக்கு இந்தச் சங்கதியே தெரியாது.