தென்னம்பிள்ளையும் மலைநாட்டுப் பனியும்



நாங்கள் கல்முனைக் கடற்கரை ஆட்கள். எங்க ஊரில் வளவுக்கு வளவு தென்னை. அந்த நினைப்பில், முன்னொரு தடவை நுவரெலியாப் பக்கம் வந்தபோது நாலு தென்னம்பிள்ளை கொண்டுவந்து ஒரு லயத்துக்குக் கொடுத்தோம். ஓடைப் பள்ளத்தில் நடுங்கள், தண்ணீர் கிடைக்கும் என்று சொன்னதும் நாங்கள்தான். பெப்ரவரியில் ஒரு விடியல் உறைபனி விழுந்து, குருத்துக் கருகி நாலும் போய்விட்டது. தண்ணீர் ஊற்றிய சின்னப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தென்னைக்கு ஒரே குருத்து. அது செத்தால் மரமே செத்தது. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். குருத்துத் தப்பினாலும் இந்தக் குளிரில் காய் பார்க்க முடியாது. அந்த ஆசையை விடுங்கள்.

மரத்தக்காளி இங்கே காய்க்கும். வளர்ந்த ஆனைக்கொய்யாவும் இலேசான பனியைத் தாங்கும். ஆனால் இடம்தான் முக்கியம். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் நிலத்துச் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எந்த மலையடியில் தேயிலை கருகும் என்று கொழுந்து எடுக்கிற உங்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும். அங்கே நடாமல், மேட்டில், லயத்துச் சுவரோரமாக நடுங்கள். பகல் வெயிலில் சூடேறிய சுவர் இரவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

கன்றாக இருக்கும்வரை, அப்படியான பின்னேரங்களில் நாலு கம்பு நட்டு, இலையில் படாமல் சாக்குப் போடுங்கள். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகின கிளையை உடனே வெட்டாதீர்கள். துளிர் எங்கே வருகிறது என்று பார்த்துப் பிறகு வெட்டலாம்.

அந்த லயத்துப் பிள்ளைகளுக்கு இம்முறை மரத்தக்காளிக் கன்று வைத்திருக்கிறோம். சுவரோரத்தில் இடமும் பார்த்தாயிற்று. சாக்கு மட்டும் நீங்கள் தரவேண்டும்.