மண்ணைப் படித்தால் என்ன கிடைக்கும்?

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் உயர்தர மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் வைத்தியபீடத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது புவிச்சரிதவியல். பாறை, மண், கனியம், நிலத்தடி நீர் ஆகியவற்றைப் படிக்கும் துறை. உயர்தரப் பெறுபேறு வந்ததும் சில வீடுகளில் இந்தப் பெயர் அடிபடும். "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்று ஒருவர் கேட்டதும் பேச்சு அடங்கிவிடும். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குக் கணக்குப் பார்த்துப் பதில் சொல்வதுதான் நியாயமான மறுமொழி.

முதலில் செலவு. நமது அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பேராதனை விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியல் தனித்துறையாக உண்டு. கணிதப் பிரிவினருக்கு மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் உண்டு. விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, வெளிக்களப் பயணம் ஆகியவையே வீட்டுச் செலவு. தகுதியுள்ள பிள்ளைக்கு மகாபொல கைகொடுக்கும். ஆகவே பெரிய செலவு காலம்தான்: படிக்கும் நான்கு வருடம், அதன்பின் வேலைக்குக் காத்திருக்கும் காலம்.

அந்தக் காத்திருப்பை நான் மறைக்கப் போவதில்லை. வைத்தியபீடத்தில் ஐந்து வருடமும் உள்ளகப் பயிற்சியில் ஒரு வருடமும் முடித்தால் அரச நியமனம் வரும் என்று நம்பித்தான் எங்களைப் பெற்றோர் அனுப்பினார்கள். புவிச்சரிதவியலாளருக்கு அப்படியொரு வரிசை இல்லை. புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், நீர்வளச் சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியவற்றில் இவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் வெற்றிடம் வந்தால்தான் விண்ணப்பம் கோருவார்கள். தனியார் துறையில் குழாய்க்கிணறு, அத்திவார ஆய்வு, கல்லகழ்வு, கனியம் சார்ந்த வேலைகள் உண்டு. கணினியில் வரைபடம் தயாரிக்கும் புவியியல் தகவல் முறைமையும் நல்ல ஆங்கிலமும் கைவசம் இருந்தால் காத்திருப்புக் குறையும்.

பெண்பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சுரங்கத்தினுள்ளே பெண்கள் வேலைசெய்வதைத் தடைசெய்யும் சர்வதேச சமவாயம் ஒன்று 1935இல் நிறைவேறியது. இலங்கையும் அதை ஏற்றது. 2024இல்தான் சர்வதேச தொழிலாளர் மாநாடு அதை நீக்கியது. காகிதத்தில் கதவு திறந்தாலும், வெளிக்களத்தில் தங்குமிடம் எப்படி, மலசலகூடம் உண்டா, கூட யார் வருவார்கள் என்று வேலைக்குச் சேருமுன் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதற் பட்டத்துக்கு முழுக் கட்டணம் கட்டக் காணியை விற்க வேண்டாம். எண்ணெய், கனியத் துறைகளில் வேலை சந்தை விலையோடு ஏறி இறங்கும். 2014 நடுப்பகுதியில் 100 டொலருக்கு மேல் விற்ற ஒரு பீப்பாய் எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே போனது. அந்த வீழ்ச்சியில் உலகெங்கும் புவிச்சரிதவியலாளர் பலர் வேலை இழந்தார்கள். முதற் பட்டத்தை இங்கே முடித்து, முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ உதவித்தொகையோடு போவது பாதுகாப்பான வழி. கனடாவில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. ஆனால் ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இத்தொழிலுக்குப் பதிவு வேண்டும். பதிவுக்குரிய பாடங்கள் பட்டத்தில் அடங்குகின்றனவா என்று முதலாம் வருடத்திலேயே பாருங்கள்.

சம்பளத்தில் அடங்காத வரவும் உண்டு. யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வெடிப்புகளால் இறங்கி நைத்திரேற்றாகக் கலக்கின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தாண்டினால், அந்த நீரில் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குறையலாம். நோயோடு வரும் குழந்தைக்கு மருந்து கொடுக்க எங்களால் முடியும். கிணற்றை எங்கே வெட்டுவது, குழியை எவ்வளவு தள்ளி வைப்பது என்று சொல்ல நிலத்தடி நீரைப் படித்தவர் வேண்டும்.

மலையகத்தையும் மறக்க முடியாது. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் முன்னரே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை உயிரைக் காக்க வேண்டுமானால், அந்த மக்களின் மொழியிலேயே அவர்களோடு இருந்து விளக்கும் விஞ்ஞானிகள் வேண்டும். அவர்களில் சிலர் இந்தப் பாடசாலையிலிருந்து போகட்டும்.

தங்கைமாரே, வெட்டுப்புள்ளி தள்ளிவிட்டது என்பதற்காக மட்டும் இத்துறைக்குப் போகாதீர்கள். வெயிலில் நடக்க மனம் உண்டா, இரண்டு வருடம் காத்திருக்க வீட்டில் வசதி உண்டா, கூடவே இன்னொரு திறனைக் கற்க ஆர்வம் உண்டா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் துணிந்து போங்கள். வசதி ஒன்றுதான் குறை என்றால், அந்த இரண்டு வருடத்தைத் தாங்கிக்கொள்ள நம் சங்கம் ஒரு சிறு நிதியை ஒதுக்கலாம். கடல் கடந்து வாழும் அக்காமாரிடம் நான் கேட்பது அதுதான்.