வேகமும் காவலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பந்தயம் என்றால் கல்முனையில் யாருக்குத்தான் கால் தரிக்கும்? சித்திரை பிறந்தால் சைக்கிள் ஓட்டமும் மரதன் ஓட்டமும் வந்துவிடும். இப்பொழுது எம் இளைஞரின் கண் ‘கார்ட்’ என்னும் சிறு பந்தய வண்டியின் மேலும் விழுந்திருக்கிறது. அவ்வாசையைக் குறைகூற நாம் வரவில்லை.

அவ்வண்டிக்குக் கூரையில்லை, கதவில்லை. பந்தயக் கார்ட்டில் ஆசனப் பட்டியும் இல்லை. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், இரு பின்சில்லுகளையும் இணைக்கும் அச்சு சுழன்றுகொண்டிருக்கும். 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020இல் ஐதராபாத்திலும் பொழுதுபோக்குக்காகக் கார்ட்டில் ஏறிய இரு பெண்கள், கூந்தல் வண்டியில் சிக்குண்டு இறந்தனர். கூந்தல் மட்டுமா? சால்வையும் முக்காடும் அப்படித்தான். மோட்டார் சைக்கிளின் பின்னே சேலை பறக்கச் செல்லும் எம் தாய்மாரும் இதைக் கேட்கட்டும்.

அண்ணனின் தலைக்கவசத்தைத் தம்பிக்கு மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்பாரும் உளர். அதன் பாரம் சிறு கழுத்துக்கு ஆகாது. இதனாலேயே சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனமும் ஸ்நெல் நிறுவனமும் 2007இல் சிறுவருக்கென இலகுவான கவசத்துக்குத் தனி அளவுகோல் வகுத்தன.

நிற்க. ஓட்டுபவரைவிடப் பார்ப்பவரை எண்ணியே நாம் அதிகம் அஞ்சுகிறோம். 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. வேடிக்கை பார்க்கப் போனவள்.

எமது சைக்கிள் ஓட்டத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? முடிவுக் கோட்டில் பிள்ளைகள் நடுவீதியில் நிற்பர். ஓட்டக்காரருக்குப் பின்னால் கூவிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் வரும். பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை. மயிரிழையில் தப்பிய பிள்ளைகளை நாமே கண்டிருக்கிறோம், கண்டு சிரித்துமிருக்கிறோம்!

ஆகவே, வரும் சித்திரையில் வீதியோரம் கயிறு கட்டி முடியுமுன் கொடி அசையக்கூடாது. ஓட்டத்தை இடையில் நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும். பிரதம விருந்தினர் காத்திருந்தாலும் அவர் சொல்லே முடிவு. அவர் வாலிபராயிருந்தால் பெரியோர் கோபிக்கலாகாது. மருதமுனை, சாய்ந்தமருது முஸ்லிம் வாலிபரையும் கயிறு பிடிக்க அழைப்போம். வீதியோரம் நிற்பவை அவர்களின் பிள்ளைகளுந்தானே. செலவுப் பட்டியல் எழுதும் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள்: வெற்றிக் கிண்ணங்களுக்கு முன் தலைக்கவசங்களை எழுதுங்கள்.