யார் கணக்கில் பற்று?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்கா பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். நான் இங்கே பி.காம். படித்தவன். கலிபோர்னியாவில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ள முதியவர்களின் வரவு செலவை எழுதுவதும் என் வேலை. அதைத் தவிர எனக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது, ஆகவே அதையே பேசுகிறேன்.

வயதான ஒருவருக்கு மறதி முற்றிவிட்டது, தன்னையும் தன் பணத்தையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று யாராவது மனுப் போட்டால், அங்கே நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்கலாம். இதற்குக் கன்சர்வேட்டர்ஷிப் என்று பெயர். குழந்தைகளுக்கு என்றால் கார்டியன்ஷிப். பொறுப்பாளர் வந்துவிட்டால் செக் புத்தகம் கைமாறும். எங்கே குடியிருப்பது என்பதைக்கூட இன்னொருவர் முடிவு செய்யலாம். இத்தனை பெரிய விஷயம் என்பதால், முதியவருக்கு வக்கீல் இல்லையென்றால் நீதிமன்றமே ஒருவரை அமர்த்துகிறது.

பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2008 முதல் 2021 வரை இப்படித்தான் இருந்தார். தானே தேர்ந்தெடுத்த வக்கீல் அவருக்குக் கிடைத்தது 2021 ஜூலையில்தான். 13 வருஷம்! அதன் பிறகு கலிபோர்னியாவில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 ஜனவரி முதல், தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அந்த வக்கீலும், தனக்கு நல்லது என்று படுவதை அல்ல, கட்சிக்காரர் விரும்புவதை வாதாட வேண்டும்.

சரி, நீதிமன்றம் அமர்த்திய வக்கீலுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அரசாங்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நியாயமான தொகை எவ்வளவு என்று நீதிபதி நிர்ணயிப்பார். முதியவரிடம் வசதி இருந்தால் அவர் பணத்திலிருந்து எடுப்பார்கள். இல்லாதவருக்குத்தான் கவுண்ட்டி கொடுக்கும். கவுண்ட்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் அம்மா. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். எண்பது தாண்டியவர், கணவர் இல்லை, சொந்த வீடு. அடுப்பை அணைக்க மறந்துவிடுவார். மகன் ஒரு மனுப் போட்டார், மகள் எதிர்மனுப் போட்டார். இரண்டு பேருமே பாசமுள்ள பிள்ளைகள்தான். முதியோர் இல்லமா, மகள் வீடா என்பதில்தான் சண்டை. நீதிமன்றம் அம்மாவுக்கு ஒரு வக்கீலை அமர்த்தியது. மொழிபெயர்ப்பாளரோடு வந்தவரிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உனக்கு யார் சம்பளம் தர்றா?"

"உங்கள் பணத்திலிருந்துதான் தருவார்கள்" என்று அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

"அப்போ நான் சொல்றதத்தானே நீ கேக்கணும்?"

இதை அம்மாவே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவருக்கு இல்லமும் வேண்டாம், மகள் வீடும் வேண்டாம். தன் வீடு, வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி, அவ்வளவுதான். அந்த வக்கீல் அதையே கோர்ட்டில் கேட்டார். கடைசியில் பிள்ளைகள் இருவரையும் விட்டுவிட்டு, வெளியாள் ஒருவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். பகலுக்கு ஒரு உதவியாளரோடு அம்மா தன் வீட்டிலேயே இருந்தார்.

பிறகு பில் வந்தது. அங்கே வக்கீல்கள் மணியைப் பத்தாகப் பிரித்து எழுதுவார்கள். 0.1 என்றால் 6 நிமிடம். ஒரு போன், 0.3. ஒரு கடிதம், 0.4. என் மேஜையில் இருந்ததோ மூன்று பில். அம்மாவின் வக்கீல், மகனின் வக்கீல், மகளின் வக்கீல். மனுப் போட்டவர் பொறுப்பாளராக வராமல் போனாலும், அந்த மனு முதியவருக்கு நன்மைதான் என்று நீதிபதி கருதினால், அவருடைய வக்கீல் செலவையும் முதியவர் சொத்திலிருந்தே எடுக்க இடம் உண்டு. இங்கே அதுதான் நடந்தது. மூன்றிலும் சிறியது அம்மாவின் வக்கீல் பில். மூன்றையும் கட்ட வீட்டின் மேல் கடன் வாங்கினார்கள்.

'பெறுபவர் கணக்கில் பற்று' என்று இந்தக் கட்டடத்தில்தான் படித்தேன். மற்ற இரண்டு பில்லில் அம்மா பெற்றது என்ன என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் கணக்கில்தான் பற்று எழுதினேன். சட்டப்படி அது சரி.

"எவ்வளவு தம்பி ஆச்சு?" என்று கேட்டார். அவருடைய வக்கீல் தொகையை மட்டும் சொன்னேன். "அவனுக்குக் குடுத்தது சரிதான். மத்தவாளுக்கு?" என்றார். மறதிக்காரர் என்று பெயர்! நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போயிருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்கள் தெளிவாக இருக்கும்போதே, நினைவு தப்பினாலும் செல்லும்படியான பவர் பத்திரத்தை அந்த ஊர்ச் சட்டப்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல குடும்பங்கள் கோர்ட் படி ஏறாமல் தப்பித்தது அதனால்தான். இந்தியாவில் எழுதிய பவரை நம்பியிருக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவரின் சித்தம் தவறினால் முகவர் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 201-ஆவது பிரிவு.

நம் நாட்டு ஏற்பாடு வேறு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. அவருக்குக் கட்டணம் தருவது ஆணையம். அந்த அம்மா இந்த ஊரில் இருந்திருந்தால் அவருடைய வக்கீலுக்கு வீட்டின் மேல் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே தரும் கட்டணத்துக்கு, கிழவி வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச எத்தனை வக்கீலுக்கு மனம் வரும்? அதைக் கூட்டித் தர வேண்டும் என்பது என் கட்சி.

மாணவர்களே, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டிக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். மணி அடித்துவிட்டார்கள், சாப்பாடு தயார் போலிருக்கிறது.