பென்ஷன் வந்த பிறகு



பட்டம் வாங்க வந்திருக்கும் மாணவர்களே, மதுவிலும் போதையிலும் சிக்கிய முன்னாள் ராணுவ வீரர்களுக்கு ஆலோசனை சொல்லும் படிப்பை வீட்டிலிருந்தே இணையத்தில் முடித்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்கள் ஆசிரியர் சொன்னார். அவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்திருக்கும்.

சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டிப் பென்ஷன் வந்துவிடுகிறார். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருக்கும் ஊரில் அவருக்கு வரவேற்பு பலமாக இருக்கும். ஒரு மாதம் விருந்து நடக்கும், பிறகு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் விடிவதற்குள் எழுந்து, முகம் மழித்து, எங்கே போவதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அவர் இல்லாமலே வளர்ந்தவர்கள். வீட்டுக் கணக்கும் மனைவி கையில் இருக்கிறது. கிடைக்கிற வேலை ஏடிஎம் வாசலில் காவல். மாதாமாதம் ராணுவக் கேன்டீனின் மது கோட்டா மட்டும் தவறாமல் வருகிறது, அதுவும் வெளிக்கடையைவிடக் குறைந்த விலையில். கல்யாணம், காதுகுத்து என்றால் சொந்தக்காரர்களும் அந்த பாட்டிலைக் கேட்டுத்தான் வருவார்கள். ஊருக்குள் அவர் மரியாதை பாதி அந்தக் கோட்டாவில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று ஆரம்பித்தால் அவர் உங்கள் வீடியோ அழைப்பைத் துண்டித்துவிடுவார். துண்டிப்பதும் சரிதான்.

1971-ல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் வகைப் போதைக்கு அடிமையாகியிருந்தார். அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அந்த முடிவைப் பலர் நம்ப மறுத்தார்கள். ஹெராயின் மலிவாகக் கிடைத்த இடம், கூட இழுத்த ஆட்கள், காத்திருப்பின் அலுப்பு எல்லாம் வியட்நாமோடு போயின. ஊரில் அதை வாங்குவதும் கஷ்டம், விலையும் அதிகம். நம் ஆளின் கதை இதற்கு நேர் எதிர். பட்டாளத்தில் அவர் குடித்தது அளவோடு, குறித்த நேரத்தில். மறுநாள் காலை பரேடுக்கு நிற்க வேண்டும் என்ற பயம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த வேலி போய்விட்டது. ஆகவே அவருடைய நாளைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, பகலில் யாரோடு பேசுகிறார், முதல் கிளாஸ் எப்போது. குறிப்பாகத் தூக்கம். எல்லையில் பார்த்ததை மறந்து தூங்குவதற்காகக் குடிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் குடியை மட்டும் பிடுங்கினால் இரவு முழுக்க விழித்திருப்பார்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. இரண்டாவது வாரத்திலேயே, “நாளையிலிருந்து தொட மாட்டேன் சார், இது ஜவான் வாக்கு” என்று ஒருவர் சொல்வார். உடனே பாராட்டிவிடாதீர்கள். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் உடல் நடுங்கி, வியர்த்துக் கொட்டி, இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பிக்கலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். காலையில் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் அவர் நிறுத்த வேண்டிய இடம் மருத்துவமனை. மாத்திரையும் பி1 வைட்டமினும் அங்கேதான் கிடைக்கும், உங்கள் திரையில் கிடைக்காது.

இன்னொன்று, ‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று பஸ் ஸ்டாண்டு சுவர்களில் பார்த்திருப்பீர்கள். மனைவி வந்து, அந்தப் பொடியைக் குழம்பில் கலக்கட்டுமா என்று கேட்பார். சில பொடிகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம். இதய நோயாளிக்கு அது எமன். கூடவே கூடாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லிவிட்டு அந்த மனைவியையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இத்தனை வருஷம் தனியாகக் குடும்பம் நடத்தியவர் அவர்.

இணையத்தில் படித்தவர்களுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் கூச்சப்பட வேண்டாம். 2003-ல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர், கல்லீரல் நோய் நிபுணர்கள் இல்லாத ஊர்களின் மருத்துவர்களுக்கு வீடியோவில் நோயாளி நோயாளியாக விவாதித்துப் பயிற்சி கொடுத்தார். சிகிச்சையின் பலன் பெரிய மருத்துவமனைக்குக் குறையவில்லை என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போதை சிகிச்சைப் பயிற்சிக்கும் அதே முறையைக் கையாள்கிறது. ஆனால் நீங்கள் ஆலோசனை சொல்லும்போது வீடியோவில் வாசனை வராது. உங்களிடம் பேசுபவர் செல்லைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருப்பார், உங்களுக்குத் தெரிவது நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான். செல்லைத் தள்ளி வைத்து, இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொல்லுங்கள். பதில் சொல்லும் முன் அவர் கண் பக்கவாட்டில் போகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். காதில் இயர்போன் மாட்டச் சொல்லி, மொட்டை மாடிக்கோ வயக்காட்டுக்கோ அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

மறுபடி குடித்துவிட்டார் என்றால் தலையில் கை வைத்து உட்காராதீர்கள். இந்த நோயில் அது அடிக்கடி நடக்கும். அன்றைக்கும் அவர் உங்களை அழைத்தாரே, அதுவே பெரிய காரியம்.

ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இருக்கும் மருத்துவரிடம் அறிமுகம் செய்துகொண்டு அவர் செல் நம்பரை வாங்குங்கள். முன்னாள் படைவீரர்களின் ஈசிஎச்எஸ் பாலிகிளினிக் எங்கே இருக்கிறது, எந்த நாளில் எந்த மருத்துவர் வருகிறார் என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்க முடியாத நேரத்தில் உங்களிடம் ஆலோசனை கேட்பவர் 14416-க்கு அழைக்கலாம், டெலி மனஸ் மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இந்த மூன்றும் கையில் இல்லாமல் முதல் அழைப்பை எடுக்காதீர்கள்.