உண்ணிப்பூவை வரைந்து பார்ப்போம்



கூடலூர், முதுமலைப் பக்கம் போய்வந்தவர்கள் உண்ணிப்பூவைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. கொத்தின் நடுவே மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு. அழகுக்காகத்தான் ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அமெரிக்கச் செடியைக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காடுமேடெல்லாம் பரப்பிவிட்டன. இந்தியாவில் புலி வாழும் நிலப்பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் உண்ணிச்செடியின் பிடியில் இருப்பதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. புதர் மண்டிய இடத்தில் புல் தலையெடுப்பதில்லை. இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடுகளுக்கும் அது தீவனமாகாது. மேய்ச்சல் இல்லாத காட்டில் மான் தங்குமா? மான் இல்லாத இடத்தில் புலி தங்குமா?

இதே செடியிலிருந்து நீலகிரியின் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். தண்டை வெந்நீரில் வேகவைத்து, பட்டையை உரித்து, வளைத்து, இரும்புச் சட்டத்தில் சுற்றிக் கட்டுகிறார்கள். அசல் யானையின் உயரம். தாங்கள் காட்டில் கண்டு பழகிய யானைகளின் சாயலிலேயே அவற்றைச் செய்கிறார்கள். இந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பயணம் புறப்பட்டன.

அந்தக் கலைக்கு என் வணக்கம். ஆனால் யானை செய்வதால் மட்டும் காடு மீளாது. மேலோடு வெட்டினால் உண்ணிச்செடி மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் நம் மண்ணின் புல்லும் மரமும் வர வேண்டும், ஆண்டுக்கணக்கில் காவலும் வேண்டும். அதற்கு ஊரார் அத்தனை பேருக்கும் செடியை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான், பிள்ளைகள் கையால் எழுதி வரைந்து சுற்றுக்கு விடும் நம் பழைய கையெழுத்துப் பத்திரிகை நினைவுக்கு வருகிறது. அதைச் செய்வது எளிது. ஓர் ஏ4 தாளை மூன்று முறை பாதிபாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரே வெட்டு. நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம்! பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். எல்லாம் தாளின் ஒரே முகத்தில் இருப்பதால், விரித்து ஜெராக்ஸ் எடுத்தால் வகுப்புக்கே பிரதி கிடைக்கும்.

அதில் என்ன வரையலாம்? உண்ணி இலைமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நரம்பெல்லாம் அப்படியே பதியும். ஒரே கொத்தைத் தினமும் வரைகிற பிள்ளைக்கு, மஞ்சளாக மலர்ந்த பூ பிறகு நிறம் மாறுவது தெரியும். தேன் மிகுந்திருப்பது மஞ்சள் பூவில்தான். பட்டாம்பூச்சி எந்த நிறத்தில் அதிகம் உட்கார்கிறது என்று கோடு போட்டு எண்ணினால், அதுவே ஓர் ஆய்வுப் பக்கம்.

முதுமலையைப் பிடித்திருக்கும் இன்னொரு அயல்மரம் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். மஞ்சள் கொன்றை என்கிறார்கள். பலர் இதை நம் சரக்கொன்றை என்றே நினைத்து ரசிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். சரக்கொன்றைப் பூ சரமாகக் கீழே தொங்கும், அயல்மரத்தின் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். கை வரைந்ததைக் கண் மறக்காது. இந்த அயல்மரங்களை வெட்டிக் காகிதக் கூழாக்கத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அரசு அனுமதி தந்திருப்பது நல்ல செய்தி.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இந்த வாரம் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, தெருவோரம் மண்டிக் கிடக்கும் ஒரு செடி முன்னால் உட்கார வையுங்கள். உண்ணிச்செடியானால் காயைப் பறித்து வாயில் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அவர்கள் செய்துவரும் பத்திரிகையை ஊர் நூலகத்தில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள்.