உயர்த்தினதை இறக்கினேன், நீளத்தை வெட்டினேன்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர், "உங்க வண்டி பின்னாடி ஏன் அரைகுறையா நிக்குது? ஏதாவது ஆக்ஸிடென்ட்டா?" என்று கேட்டிருந்தார். ஆக்ஸிடென்ட் இல்லைங்க. ஆக்ஸிடென்ட் ஆகக்கூடாதுன்னு நானே வெட்டினது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

நான் இருக்கிறது கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோ பக்கம். இங்கிருந்து கிழக்கே மலை ஏறினால் ரூபிகான் ட்ரெயில். ஜார்ஜ்டவுன்ல இருந்து தாஹோ ஏரி வரைக்கும் ஏறக்குறைய 22 மைல். பேருதான் பாதை. பல இடங்களில் வெறும் கிரானைட் பாறையும் குண்டுக்கல்லும்தான். அதன் மேல நடக்கிற வேகத்தில் வண்டியை ஏற்றி இறக்குறதுக்குப் பேர் ராக் க்ராலிங். இங்கே வேகம் காட்டினா வண்டி உடையும்.

இதுக்கு எல்லாரும் சின்ன ஜீப் வாங்குவாங்க. நான் வாங்கினது 1980களின் செவர்லே கே-10 பிக்கப். பிக்கப்னா நம்ம ஊர் குட்டி யானையை நினைக்காதீங்க. அகலம் மட்டும் ஏறக்குறைய 80 அங்குலம், பின்னாடி எட்டு அடிப் பெட்டி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 131.5 அங்குலம். டீஜே மாடல் ஜீப் ரேங்க்ளர்ல அது 93.4 தான்.

இந்த நீளம்தான் முதல் பிரச்சினை. ரெண்டுக்கும் வயிற்றுக்கு அடியில் 12 அங்குல இடைவெளி இருக்குன்னு வச்சுக்கங்க. ஜீப், கிட்டத்தட்ட 29 டிகிரி மேட்டை வயிறு தட்டாமல் தாண்டிடும். என் வண்டி 21 டிகிரியிலேயே பாறை மேல உட்கார்ந்துடும்.

அப்போ எனக்குத் தெரிஞ்ச தீர்வு ஒண்ணே ஒண்ணுதான்: உயர்த்து. சஸ்பென்ஷன்ல 6 அங்குலம் ஏத்தினேன். பத்தலைன்னு பாடிக்கும் பிரேமுக்கும் நடுவே கட்டை வச்சு இன்னும் 3 அங்குலம். 37 அங்குல டயர் போட்டேன். பார்க்க பிரமாதமா இருந்துச்சு. பார்க்கிங்ல நாலு பேர் நின்னு போட்டோ எடுத்தாங்க.

முதல் தடவை ரூபிகான் போனப்போ என் மனைவியும் பக்கத்தில். லூன் லேக் பக்கமா உள்ளே நுழைஞ்சு கொஞ்ச தூரம்தான். பக்கவாட்டில் சரிஞ்ச ஒரு பாறை. மேல் பக்க டயர் ஒரு கல்லில் ஏறுச்சு. வண்டி சாய்ஞ்சுது, சாய்ஞ்சுது, அப்படியே நின்னுடுச்சு. அவங்க பக்கக் கண்ணாடியில் எனக்கு வானம் தெரியலை, பாறைதான் தெரிஞ்சுது. "நிறுத்துங்க, நான் இறங்கி நடக்கிறேன்"னு சொன்னாங்க. ஆனால் அந்தப் பக்கம் கதவைத் திறந்து இறங்கவும் முடியாது. முன்னாடி போன வண்டிக்காரர் வின்ச் கயிறைப் போட்டுப் பிடிச்ச பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தோம். வீடு வர்ற வரைக்கும் வண்டிக்குள்ள பேச்சே இல்லை.

அன்னைக்கு ராத்திரி பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூட ட்ரிகோனாமெட்ரிதான். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவில் 66 அங்குலம், எடை மையம் தரையிலிருந்து 30 அங்குலம்னா, ஏட்டுக் கணக்குப்படி கவிழ்ற கோணம் 48 டிகிரி கிட்ட. மையத்தை 7 அங்குலம் உயர்த்தினா 42 கூட வராது. ஸ்பிரிங் அமுங்குறதும் டயர் நசுங்குறதும் சேர்ந்தா இன்னும் குறையும். அந்த 3 அங்குலக் கட்டை இருக்கே, அது பாடியை மட்டும்தான் தூக்குது. பிரேம் இருந்த இடத்திலேயேதான் இருக்கு. வயிற்றுக்கு அடியில் ஒரு நூல் இடம்கூட கூடலை. டயருக்கு இடம் வேணும்னு கவிழ்ற ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன்.

எங்க தெருவில் ஒரு ரிட்டையர்டு வெல்டர் இருக்கார். வண்டியைச் சுத்தி வந்து பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டார்: டயருக்கு இடம் வேணும்னா தகரத்தை வெட்ட வேண்டியதுதானே, ஏன் வண்டியை மேல தூக்குறே?

அதிலிருந்துதான் வேலை தொடங்குச்சு. கட்டையை எடுத்தேன். சஸ்பென்ஷனை 4 அங்குலத்துக்கு இறக்கினேன். ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பி, சக்கரத்தை ஜாக்கில் மேல தூக்கி, டயர் எங்கெல்லாம் உரசுதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு ஃபெண்டரை வெட்டினோம். அதே 37 அங்குல டயர் உட்கார்ந்துடுச்சு.

அடுத்து பெட்டி. பின் அச்சுக்குப் பின்னால் 45 அங்குலம் வால் மாதிரி நீட்டிக்கிட்டிருந்தது. பாறையிலிருந்து இறங்கும்போது முதலில் இடிக்கிறது அதுதான். 16 அங்குலம் வெட்டினோம். தோராயமா 28 டிகிரியா இருந்த பின்கோணம் 40 கிட்ட வந்துச்சு. ஆனால் பிரேமை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. லீஃப் ஸ்பிரிங்கோட பின்முனையைத் தாங்குற ஷாக்கிள் பிரேமில்தான் மாட்டியிருக்கு. அதுக்குப் பின்னால்தான் கத்தி வைக்கணும். பின்கதவை முன்னாடி நகர்த்தி மாட்டினோம். டெயில் லேம்ப்புக்கும் நம்பர் பிளேட்டுக்கும் புது இடம் பார்த்தோம். ரோட்டிலும் ஓட்டணுமே.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். கதவுக்குக் கீழே இருக்கிற தகரத்தை வெட்டிட்டு, பாறையில் உரசினா தாங்கட்டும்னு தடிமனான இரும்புச் சட்டம் வச்சோம். பெரியவர் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை, இன்னும் உறுதியா இருக்கட்டும்னு அதைப் பாடியோடவும் பிரேமோடவும் சேர்த்து வெல்டு அடிச்சுட்டேன். ரெண்டே ட்ரிப்பில் கதவு ஓரத்தில் விரிசல். ஏன்னா இந்த மாதிரி வண்டியில் பாடி ரப்பர் புஷ் மேல உட்கார்ந்திருக்கு. பிரேம் முறுக்கிக்கும், பாடி தனியா ஆடும். ரெண்டையும் கட்டிப்போட்டா முறுக்கு முழுக்கத் தகரத்துக்குப் போகுது. மறுபடியும் அறுத்து, பிரேமோட மட்டும் சேர்த்தோம்.

இன்னொண்ணு. பெட்ரோல் டேங்க் பிரேமுக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தது, பாறை இடிக்கிற இடம். வெட்டுறதுக்கு முன்னாடியே அதைக் கழட்டி தூரமா வச்சோம், பேட்டரி வயரையும் எடுத்தோம். திரும்பி மாட்டும்போது பிரேமுக்கு நடுவே, பின்னாடி வச்சோம். இதைக் கேட்டுட்டு யாராவது கிரைண்டரை எடுத்தீங்கன்னா, டேங்க்கைக் கழட்டுறதுதான் முதல் வேலை.

மறுபடியும் அதே பாறைக்குப் போனோம். மனைவியை நான் கூப்பிடலை, அவங்களே வந்தாங்க. ஆனால் அந்த இடம் வந்ததும் இறங்கிட்டாங்க. வெளியே நின்னு, "லெஃப்ட்ல இன்னும் கொஞ்சம், மெதுவா"ன்னு கைகாட்டி என்னைக் கடத்திவிட்டாங்க. வண்டி சாய்ஞ்சுது, ஆனால் போன தடவை மாதிரி இல்லை. அந்தப் பக்கம் போனதும் ஏறி சீட் பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, "இப்போ பார்க்கத்தான் அசிங்கமா இருக்கு"ன்னாங்க.

உண்மைதான். இப்போ பார்க்கிங்ல யாரும் போட்டோ எடுக்கிறதில்லை. சரி, அடுத்த எபிசோடில் பார்ப்போம்.